சொந்த சேர்வரில் உள்ள கிட் களஞ்சியங்களுக்குப் படிப்படியான காப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை எனக் கிழக்கில் இயங்கும் சிறிய மென்பொருள் குழுக்களையும், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்யும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் மூலநிரல், கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியங்களைச் சேர்வரில் நடத்தும் கிட்டீ, ஃபோர்ஜேயோ, கிட்லேப் ஆகிய மென்பொருள்களில் ஏதோ ஒன்றின்கீழ், உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒவ்வொருவரின் லெப்டொப்பிலும் முழு வரலாறும் இருக்கும்போது தனியாகக் காப்பு எதற்கு?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை உருவாக்கியபோதே ஒவ்வொரு குளோனும் (களஞ்சியத்தின் பிரதி) முழு வரலாற்றையும் சுமக்கும்படிதான் அமைத்தார் என்பது உண்மை. ஆயினும் குளோன் செய்தவருக்குக் கிடைப்பவை கிளைகளும் டேக்குகளும் அவற்றிலிருந்து எட்டக்கூடிய கொமிட்டுகளும் (பதிந்த மாற்றங்கள்) மட்டுமே. சேர்வரில் உள்ள முறைப்பாட்டுப் பதிவுகள், புல் ரிக்குவெஸ்ட் உரையாடல்கள், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகள், குறித்த நிகழ்வுகளில் தானாக ஓடும் ஹூக் ஸ்கிரிப்ட்கள், வெளியீடுகளுடன் இணைத்த கோப்புகள் ஆகிய எவையும் லெப்டொப்பில் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல், முடிந்துபோன வேலைகளின் களஞ்சியங்களை எவரும் வைத்திருப்பதில்லை என்பதாகும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செய்து கொடுத்த மென்பொருளின் குளோன், அதைச் செய்தவர் கட்டாருக்குப் போனபோது அவருடைய கணினியுடனேயே போய்விட்டிருக்கும். லெப்டொப் குளோன்கள் ஆபத்தில் கைகொடுக்கலாம். கைகொடுக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

படிப்படியான காப்பு என்பது என்ன?

நாம் பேச்சில் இன்கிரிமென்டல் பெக்கப் என்று சொல்வதுதான். முதலில் ஒரு முழுக் காப்பு எடுக்கப்படும். அதன் பின் ஒவ்வொரு தடவையும் கடைசியாக எடுத்த காப்புக்குப் பின் மாறியவை மட்டும் எடுக்கப்படும். மீட்கும்போது முழுக் காப்பில் தொடங்கி ஒவ்வொரு படியையும் வரிசை தவறாமல் ஏற்ற வேண்டும். டிஃபரென்ஷியல் எனப்படும் வகை இதிலிருந்து சற்று வேறானது: அதில் ஒவ்வொரு தடவையும் கடைசி முழுக் காப்புக்குப் பின் மாறிய எல்லாமும் எடுக்கப்படும், இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் மீட்க இரண்டு துண்டுகள் போதும்.

ஆர்சிங்க் என்ற பிரதிக் கருவி கொண்டு இரவுதோறும் களஞ்சிய அடைவைப் பிரதி எடுக்கிறோம். யாரும் பெரிதாக வேலை செய்யாத நாளிலும் சில வேளைகளில் பல ஜிபி அனுப்பப்படுகிறதே, ஏன்?

சேர்வரில் ஒரு களஞ்சியத்தின் உள்ளே போய், ‘ஆப்ஜெக்ட்ஸ்’ அடைவின்கீழ் உள்ள ‘பேக்’ அடைவைத் திறந்து பாருங்கள். பேக் என்று தொடங்கி, ஒரு கோட்டுக்குப் பின் 40 இலக்கங்கள் கொண்ட பெயருடைய கோப்புகள் குறைந்தது இரண்டு இரண்டாக இருக்கும்; ஒன்று தரவு, மற்றது அதற்கான சுட்டி. அந்த 40 இலக்கப் பெயர் யாரும் வைத்த பெயரன்று, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படுவது. ஆகவே உள்ளடக்கம் சிறிதளவு மாறினாலும் பெயர் முழுதாக மாறிவிடும்.

இனி என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிறிய புஷ்கள் (சேர்வருக்கு அனுப்பப்படும் மாற்றங்கள்) வரும்போது அவற்றின் ஆப்ஜெக்ட்கள் (கிட் சேமிக்கும் தரவு அலகுகள்) தனித்தனிக் கோப்புகளாக விழுகின்றன. 100 ஆப்ஜெக்ட்களுக்குக் குறையாத புஷ் அப்படியே ஒரு பேக் கோப்பாகத் தங்கிவிடுகிறது. தனிக் கோப்புகள் ஏறத்தாழ 6700ஐத் தாண்டினாலோ, பேக் கோப்புகள் 50ஐத் தாண்டினாலோ, கிட் தானாகவே துப்புரவு வேலையைத் தொடங்கும். இவை நெடுங்காலமாக இருந்துவரும் இயல்பு அளவுகள். தனிக் கோப்புகளால் தொடங்கினால் அவை ஒரு புதிய பேக்கில் சேர்க்கப்படும், பழைய பேக்குகள் தொடப்படா. பேக்குகள் பெருகியதால் தொடங்கினாலோ, யாராவது கையால் ‘கிட் ஜீசி’ கட்டளையை ஓட்டினாலோ, எல்லாம் ஒரே பெரிய பேக்காக மறுபடியும் கட்டப்பட்டு, பழையவை அழிக்கப்படும்.

நிரலில் மாறியது பத்து வரிகளாக இருக்கலாம். ஆனால் கோப்பு முறைமையின் கண்ணுக்கு, 2 ஜிபி அளவுள்ள பழைய கோப்பு ஒன்று மறைந்து, வேறு பெயரில் 2 ஜிபி அளவுள்ள புதிய கோப்பு ஒன்று தோன்றியிருக்கிறது. ஆர்சிங்க் ஒரு கோப்பின் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் திறமை கொண்டதுதான். எனினும் அது அதே பெயருடைய பழைய கோப்புடன்தான் ஒப்பிடும். பெயர் மாறியதும் ஒப்பிட எதுவும் இல்லாமல் முழுவதையும் அனுப்பிவிடுகிறது. மாறாத கோப்புகளை மறுபடி எழுதாமல் பகிரும் ஹார்ட் லிங்க் முறையில் நாளுக்கு ஓர் அடைவு வைப்பவர்களுக்கு இதைவிட மோசம்: ஒவ்வொரு மறுகட்டுக்கும் டிஸ்கில் இன்னொரு 2 ஜிபி போகும். ஆகவே குறை ஆர்சிங்கில் இல்லை, நாம் காப்பு எடுக்கும் மட்டம்தான் தவறு. கிட் தன் வரலாற்றை மாற்றாமல் கூட்டிக்கொண்டே போகிறது. ஆனால் அதைத் தாங்கும் கோப்புகளை விரும்பியபடி உடைத்துக் கட்டுகிறது.

அப்படியானால் கோப்பு மட்டத்தில் காப்பு எடுப்பதை விட்டுவிட வேண்டுமா?

விட்டுவிடத் தேவையில்லை, அடக்கி வைத்தால் போதும். பெரிய பேக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரில் ‘கீப்’ என்ற நீட்சியுடன் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கினால், துப்புரவு வேலை அந்தப் பேக்கைத் தொடாது. புதியவை மட்டும் புதிய சிறு பேக்குகளாகச் சேரும். புதிய கிட் பதிப்புகளில் மறுகட்டுக் கட்டளைக்கு ‘ஜியோமெட்ரிக்’ என்ற தெரிவும் உண்டு. அது சிறிய பேக்குகளைத் தங்களுக்குள் சேர்த்து, பெரியவற்றை இயன்றவரை அப்படியே விட்டுவைக்கும். பல நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட களஞ்சியம் ஒன்றிரண்டுதான் இருக்கிறதென்றால், கீப் கோப்பே எளிய வழி.

கிட் பண்டில் முறையில் படிப்படியான காப்பை எப்படி எடுப்பது?

எங்களுக்கு மிகவும் பிடித்த முறை இது. ஏனென்றால் கிட்டுக்கு விளங்கும் மொழியிலேயே, கொமிட்டுகளின் மட்டத்திலேயே ‘எது புதியது’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. பண்டில் என்பது, வலையமைப்பின் வழியே போகவேண்டிய கொமிட்டுகளை ஒரே கோப்பில் அடைத்துத் தருவது. அதிலிருந்து குளோன் செய்யலாம், ஃபெட்ச் செய்யலாம் (புதியவற்றை மட்டும் இழுக்கலாம்).

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு எழுதிய கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு ‘கிட் பண்டில் கிரியேட்’ கட்டளையை ‘ஆல்’ தெரிவுடன் ஓட்டினால், எல்லாக் கிளைகளும் டேக்குகளும் அடங்கிய முழுப் பண்டில் உருவாகும். அதே வேளையில் ‘கிட் ஃபார் ஈச் ரெஃப்’ கட்டளையின் வெளியீட்டை, அதாவது எந்தக் கிளை எந்தக் கொமிட்டில் நிற்கிறது என்ற பட்டியலை, ஓர் உரைக் கோப்பாகப் பண்டிலின் பக்கத்தில் சேமிக்க வேண்டும். திங்கள் இரவு மறுபடியும் ‘ஆல்’ என்று கேட்டு, ‘நொட்’ தெரிவின் பின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் இருந்த கொமிட் எண்களைக் கொடுத்தால், அந்த இடைவெளியில் வந்தவை மட்டும் அடைபட்ட, பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்கு மேற்படாத, ஒரு சிறு பண்டில் கிடைக்கும். செவ்வாய்க்குத் திங்கள் பட்டியல், புதனுக்குச் செவ்வாய்ப் பட்டியல் என்று தொடரும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, புதிய கொமிட் எதுவும் இல்லாத நாளில் வெற்றுப் பண்டிலை உருவாக்கக் கிட் மறுத்துவிடும். பிழை என்றே முடியும். உங்கள் ஸ்கிரிப்ட் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு தைப்பொங்கல் விடுமுறை முழுவதும் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தால், பத்தாவது மின்னஞ்சலுக்குப் பின் ஒருவரும் எதையும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே முதலில் பட்டியல் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பண்டிலைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது பள்ளம் கண்ணுக்குத் தெரியாதது. ‘நொட்’ பட்டியலால் விலக்கப்பட்ட கொமிட்டில் நிற்கும் கிளை அந்தப் பண்டிலில் பெயரளவில்கூட இடம்பெறாது. ஒருவர் பழைய கொமிட் ஒன்றிலிருந்து புதிய கிளை திறந்து அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை, அல்லது ஒரு கிளையை அழித்துவிட்டார், அல்லது பின்னோக்கி நகர்த்திவிட்டார் என்றால், பண்டில்களை மட்டும் வரிசையாக ஏற்றியவருக்கு இந்த மாற்றங்கள் தெரிய வராது. அதனால்தான் அந்த உரைப் பட்டியலை நாளுக்கொன்றாகச் சேமிக்கச் சொன்னோம். கொமிட்டுகளைப் பண்டில் தரும். கிளைகள் எங்கே நின்றன என்பதைப் பட்டியல் தரும்.

மீட்பதற்கு, முழுப் பண்டிலை மிரர் முறையில் (எல்லாக் கிளைகளும் டேக்குகளும் அப்படியே) குளோன் செய்து, பின்வரும் பண்டில்களை ஒவ்வொன்றாக ஃபெட்ச் செய்து, கடைசிப் பட்டியலின்படி கிளைகளைச் சரிசெய்து, முடிவில் களஞ்சியம் பழுதின்றி இருக்கிறதா என்று பார்க்கும் ‘கிட் எஃப்எஸ்சிகே’ கட்டளையை ஓட்ட வேண்டும். இடையில் ஒரு நாளின் பண்டில் இல்லையென்றால் அடுத்தது ஏறாது. எந்தக் கொமிட் குறைகிறது என்பதை ‘பண்டில் வெரிஃபை’ சொல்லிவிடும்.

ஹூக்குகளும் களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பும் பண்டிலுக்குள் போவதில்லை. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

இன்னொரு கணினியில் மிரர் குளோன் ஒன்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அது போதாதா?

சேர்வர் எரிந்துபோனால் அது போதும். மனிதர் தவறு செய்தால் போதாது. யாராவது பிரதான கிளையை ஃபோர்ஸ் புஷ் (வரலாற்றை மேலெழுதும் புஷ்) செய்து பழைய வேலையை மூடிவிட்டால், பதினைந்து நிமிடத்தில் மிரரும் அதே தவறைப் பணிவாகச் செய்துவிடும். எந்தக் கிளையிலும் சேராது விடப்பட்ட கொமிட்டுகளை, இரண்டு வாரம் கடந்தபின் துப்புரவு வேலை அழித்துவிடும். வேலைக் கோப்புகள் இன்றி வெறும் களஞ்சியமாக இருக்கும் சேர்வர்ப் பிரதியில் ரெஃப்லொக் என்ற நகர்வுப் பதிவும் இயல்பாக இயங்குவதில்லை.

கேடிஈ என்ற லினக்ஸ் டெஸ்க்டொப் திட்டத்துக்கு 2013 மார்ச் மாதத்தில் இதைப் போன்றதே நேர்ந்தது. பிரதான கிட் சேர்வரில் கோப்பு முறைமை பழுதடைந்தது. உலகின் பல இடங்களில் இருந்த மிரர் சேர்வர்கள் அந்தப் பழுதான நிலையை நம்பித் தங்களிடமிருந்த நல்ல பிரதிகளைக் கெடுத்துக்கொண்டன. ஏறத்தாழ 1500 களஞ்சியங்கள் ஆபத்தில் இருந்தன. ஒரு சேர்வர் மட்டும் தற்செயலாகப் பழைய நிலையில் நின்றிருந்ததால் அவை மீண்டன. மிரருக்குக் காலம் என்ற பரிமாணம் கிடையாது. நேற்றைய நிலை, போன வாரத்து நிலை என்று திரும்பிப் போகக்கூடியதைத்தான் காப்பு என்று சொல்ல வேண்டும்.

ஃபோர்ஸ் புஷ்ஷையும் கிளை அழிப்பையும் பிரதான கிளைகளில் சேர்வர் மட்டத்திலேயே தடைசெய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

சேர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுத்தால் கெட்டுப்போகுமா?

பண்டில் முறையில் அச்சம் இல்லை. அது கிட்டின் வழியே நடப்பதால் ஒத்திசைவான நிலைதான் கிடைக்கும். கோப்புகளை நேரடியாகப் பிரதி எடுப்பவர்களுக்கே இந்தக் கேள்வி. ஆப்ஜெக்ட்களை முதலில் எடுத்து, கிளைச் சுட்டிகளைப் பிறகு எடுத்தால், இடையில் வந்த புஷ் ஒன்றின் காரணமாகச் சுட்டி காட்டும் கொமிட் உங்கள் பிரதியில் இல்லாமல் போகலாம். சுட்டிகளை முதலில் எடுத்தால், மிஞ்சிப்போனால் தேவைக்கு மேற்பட்ட ஆப்ஜெக்ட்கள் சில வந்து சேரும், அதனால் கேடில்லை. இதற்கும் மேலாக, பிரதி நடக்கும்போது மறுகட்டும் நடந்தால், பட்டியலில் இருந்த பேக் கோப்பு எடுக்கப் போகும் வேளையில் அழிந்திருக்கும். எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய சேமிப்பு அமைப்புகளில் ஒன்று இருந்தால் ஒரு ஸ்னாப்ஷொட் (அந்தக் கணத்தின் உறைந்த நிலை) எடுத்து, அதிலிருந்து ஆறுதலாகப் பிரதி எடுப்பதே முறை. அது இல்லையென்றால், காப்பு நேரத்தில் தானியங்கித் துப்புரவை நிறுத்திவையுங்கள்.

களஞ்சியங்களை எடுத்தால் எல்லாம் எடுத்ததாகுமா?

ஆகாது. மீட்புப் பயிற்சியில் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

பயனர்கள், அனுமதிகள், முறைப்பாடுகள், கருத்துகள் எல்லாம் தரவுத்தளத்தில் உள்ளன. போஸ்ட்கிரெஸ் என்றால் ‘பீஜீ டம்ப்’ போதும். சிறிய குழுவின் தரவுத்தளம் சுருக்கியபின் சில மெகாபைட்டே இருக்கும் என்பதால் அதைத் தினமும் முழுதாக எடுப்பதில் நட்டமில்லை. 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17இல் படிப்படியான காப்பு உள்ளேயே இருக்கிறது, ஆனால் ஐந்து பேர் கொண்ட அலுவலகத்துக்கு அது தேவைப்படாத சிக்கல். கிட்டீயை எஸ்கியூலைட்டுடன் ஓட்டுபவர்கள், இயங்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே பிரதி எடுக்காமல், எஸ்கியூலைட்டின் ‘பெக்கப்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

எல்எஃப்எஸ் என்ற கிட் நீட்சியில் வைக்கப்பட்ட பெரிய கோப்புகள், அதாவது வடிவமைப்புப் படங்கள், ஒலிப்பதிவுகள் போன்றவை, களஞ்சியத்துக்குள் இல்லை. களஞ்சியத்தில் இருப்பது மூன்று வரிச் சுட்டி மட்டுமே. பண்டில் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் படங்கள் அதில் வரமாட்டா. எல்எஃப்எஸ் கோப்புகள் ஒருமுறை எழுதப்பட்டால் மாறுவதில்லை என்பதால், ஆர்சிங்க் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது இரகசியச் சாவிகள். கிட்டீயின் அமைப்புக் கோப்பில் உள்ள இரகசியச் சாவி இல்லாமல் தரவுத்தளத்தை மட்டும் மீட்டால், இரட்டைச் சரிபார்ப்பு போன்ற மறைகுறியாக்கப்பட்ட தகவல்கள் பயன்படா. கிட்லேப்பின் காப்புக் கட்டளை அதன் இரகசியக் கோப்பையும் பிரதான அமைப்புக் கோப்பையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்பது அதன் நியாயம். அவற்றை நீங்களே எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். கிட்லேப்பில் படிப்படியான காப்பு என்ற தெரிவு உண்டு, ஆனால் அது களஞ்சியங்களுக்கு மட்டுமே. தரவுத்தளம் ஒவ்வொரு தடவையும் முழுதாகவே வரும். மீட்கும் சேர்வரில் அதே கிட்லேப் பதிப்பு இருக்க வேண்டும் என்பதால், பதிப்பு எண்ணையும் காப்புடன் எழுதி வையுங்கள்.

ரெஸ்டிக், போர்க் போன்ற காப்புக் கருவிகள் பண்டிலைவிட நல்லவையா?

இவை வேறு மட்டத்தில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு கோப்பையும் உள்ளடக்கத்தைப் பார்த்துத் துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடியும் சேமிக்காமல் விடுகின்றன. ரெஸ்டிக்கில் துண்டு சராசரியாக ஒரு மெகாபைட், போர்க்கில் ஏறத்தாழ இரண்டு. ஒவ்வொரு காப்பும் முழுக் காப்பு போலவே மீட்கக் கிடைக்கும்; வரிசையாக ஏற்ற வேண்டிய சங்கிலி இல்லை. மறைகுறியாக்கமும் உள்ளேயே இருக்கிறது. பேக் கோப்பு மறுபடி கட்டப்பட்டால், கிட் பழைய பைட்டுகளில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துப் போடுவதால் துண்டு முறை ஓரளவு கைகொடுக்கும். எனினும் ஆப்ஜெக்ட்களின் வரிசை மாறும் இடங்களில் துண்டுகளும் மாறும். கீப் கோப்புடன் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

எங்கள் தீர்ப்பு இது: இரவுக் காப்புக்கு ரெஸ்டிக் அல்லது போர்க், தரவுத்தளம், எல்எஃப்எஸ், அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து. வாரம் ஒருமுறை ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் முழுப் பண்டில், வேறொரு டிஸ்கில். பத்து வருடத்துக்குப் பின் ரெஸ்டிக் இல்லாமற் போனாலும் கிட் மட்டும் இருந்தால் பண்டிலைத் திறக்கலாம். நாளாந்தப் பண்டில் சங்கிலி, இணைய இணைப்பு மிகவும் மெதுவாக இருக்கும் இடங்களுக்கே தேவை.

பண்டில் சங்கிலியை எவ்வளவு நீளம் விடலாம்?

ஒரு வாரம். ஆறு படிகளுக்கு மேல் போனால், இடையில் ஒரு கோப்புப் பழுதடைந்தாலும் அதற்குப் பின் உள்ளவை அனைத்தும் வீண் என்ற ஆபத்து, மிச்சப்படும் இடத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது.

அடிக்கடி மின்சாரம் போகிறது. அதனால் காப்புக்கு என்ன பாதிப்பு?

2022இன் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க முடியாது. இப்போதும் மாரிகாலத்து இடிமின்னலோடு மின்சாரம் போய்வருவது வழக்கம்தான். புஷ் ஒன்று எழுதப்படும் நொடியில் கரண்ட் போனால், பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத, பூச்சிய பைட் அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகள் மிஞ்சலாம். இதைக் கவனிக்காமல் காப்பு ஓடினால் பழுதும் சேர்த்துக் காப்பெடுக்கப்படும். பழைய காப்புகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்போது நல்ல பிரதி எதுவுமே இல்லாமல் போகும். எனவே காப்பு ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை எஃப்எஸ்சிகே ஆக இருக்கட்டும். அது தவறினால் அந்த இரவில் பழைய காப்பு எதையும் அழிக்காமல் நிறுத்தி, தகவல் அனுப்ப வேண்டும். சேர்வருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று போட்டு, மின்கலம் தீரும் முன் கணினி தானாகவே முறைப்படி அணைந்துவிடும்படி யூஎஸ்பி வழியாக இணைத்துவிடுங்கள். காப்பு டிஸ்க் எப்போதும் செருகப்பட்டே இருந்தால், ஒரே மின்னல் இரண்டையும் கொண்டுபோகும்.

இரண்டாவது பிரதியை மட்டக்களப்பில் எங்கே வைப்பது?

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பலரும் அறிவர். வெளியிடம் என்பதற்கு நம் மாவட்டத்தில் என்ன பொருள் என்பதுதான் கேள்வி. கல்லடியில் அலுவலகம், நாவற்குடாவில் பங்காளரின் வீடு என்றால் அது வெளியிடம் ஆகாது. இரண்டும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒரே ஒடுங்கிய நிலத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியும் நாவலடியும், தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளும் பட்டதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒன்று, மேற்கே படுவான்கரையில் ஒன்று என்று வைத்தால் கடலுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் 2011 ஜனவரி வெள்ளம் போன்ற ஒன்றில் படுவான்கரைக் கிராமங்களுக்குப் போகும் பாதைகளே மூழ்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியோ கரையென்றும் உள்நாடென்றும் பார்க்கவில்லை.

எனவே ஒரு பிரதி அம்பாறை நகரம்போல் கடலிலிருந்து விலகிய இடத்திலும், இன்னொன்று மாகாணத்துக்கு வெளியே, கண்டியிலோ கொழும்பிலோ உள்ள நம்பகமான ஒருவரிடமோ வாடகைச் சேமிப்பிலோ இருப்பது நல்லது. டிஸ்கை உப்புக்காற்று படாத மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். அலுமாரியின் கீழ்த்தட்டு வேண்டாம்.

இணைப்பு மெதுவாக இருக்கிறது, டேட்டாவும் அளவுடன்தான் கிடைக்கிறது. வெளியூருக்கு எப்படி அனுப்புவது?

முதல் முழுக் காப்பை இணையத்தில் அனுப்பவே வேண்டாம். ரெஸ்டிக் அல்லது போர்க் சேமிப்பை ஒரு யூஎஸ்பி டிஸ்கில் உருவாக்கி, கொழும்பு பஸ்ஸில் போகும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அங்கே உள்ள கணினியில் பிரதி செய்தபின், இரவுதோறும் வரும் மாற்றங்களை மட்டும் அனுப்புங்கள். உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா ஒதுக்கீடு இருந்தால், குரோன் (நேரப்படி கட்டளை ஓட்டும் நிரல்) வேலையை அந்த நேரத்துக்குள் தொடங்கி முடியும்படி வையுங்கள். இரண்டு கருவிகளும் இடையில் அறுந்தாலும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த துண்டுகளைப் பெரும்பாலும் மறுபடி அனுப்புவதில்லை. பில்ட் செய்து வந்த நிறுவல் கோப்புகளையும் தரவிறக்கிய நூலக அடைவுகளையும் விலக்குப் பட்டியலில் போட்டாலே அனுப்ப வேண்டிய அளவு பெரிதும் குறைந்துவிடும்.

களஞ்சிய அடைவைக் கூகுள் டிரைவ், டிராப்பொக்ஸ் போன்ற ஒத்திசைவு அடைவுக்குள் வைத்தால்?

வேண்டாம். கிட்டின் அதிகாரபூர்வக் கேள்வி பதில் ஆவணமே இதை எச்சரிக்கிறது. அவை கோப்புகளைத் தனித்தனியாக, தங்களுக்கு வசதியான வரிசையில் ஏற்றி இறக்குவதால் களஞ்சியம் கெடும். முடிந்துவிட்ட பண்டில் கோப்பை, மறைகுறியாக்கியபின், அங்கே வைப்பதில் தவறில்லை.

சேர்வருக்குள் நுழைந்த ஒருவர் காப்பையும் சேர்த்து அழித்துவிட்டால்?

சேர்வரிடம் காப்பை அழிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. போர்க்கிலும் ரெஸ்டிக்கின் ரெஸ்ட் சேர்வரிலும் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறை உண்டு. பழையவற்றை நீக்கும் வேலையை வேறொரு கணினியிலிருந்து, வேறு சாவியுடன் செய்யுங்கள்.

மறைகுறியாக்கக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

அந்தச் சேர்வரில் மட்டும் அன்று. அது தொலைந்தால் காப்பும் தொலைந்ததுதான். உருவாக்கியவர்களாலும் திறந்து தர முடியாது. தாளில் எழுதி, மூடிய உறையில், குழுவில் இருவரிடமோ வங்கிப் பெட்டகத்திலோ வைப்பது பழைய பாணி என்றாலும் சரியான பாணி.

காப்பு உண்மையில் வேலை செய்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

மீட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்திலேயே பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். அதன் பின்தான் தெரிந்தது: தினசரி டம்ப் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்தது, ஏனென்றால் டம்ப் கருவியின் பதிப்பு 9.2, தரவுத்தளமோ 9.6, தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷொட் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. களஞ்சியங்களுக்கு எதுவும் ஆகவில்லை, தரவுத்தளம்தான் போனது என்பதையும் கவனியுங்கள்.

பயிற்சிக்கு ஒரு பழைய கணினி போதும். அதில் எதுவும் இல்லாத நிலையில் தொடங்கி, காப்பு டிஸ்க்கும் அந்த உறையில் உள்ள தாளும் மட்டும் கையில் இருக்க, சேர்வரை எழுப்புங்கள். ஒரு களஞ்சியத்தைக் குளோன் செய்து பில்ட் செய்யுங்கள். ஓர் எல்எஃப்எஸ் படத்தைத் திறந்து பாருங்கள். ஒரு சாதாரணப் பயனராக உள்நுழைந்து, பழைய முறைப்பாடு ஒன்றின் கருத்துகள் வருகின்றனவா என்று பாருங்கள். வழமையாகக் காப்பைக் கவனிப்பவர் அன்றைக்கு வாய் திறக்கக் கூடாது. எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து இன்னொருவரே செய்ய வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வாடிக்கையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது; முடியாதவர்கள், பெரும்போக விதைப்புக்கு வயல்கள் ஆயத்தமாகும் செப்டெம்பரில், மாரி தொடங்கும் முன்னராவது ஒருமுறை செய்யட்டும்.

பழைய காப்புகளை எப்போது அழிக்கலாம்?

நாளாந்தக் காப்புகள் ஏழு, வாராந்தக் காப்புகள் ஐந்து, மாதாந்தக் காப்புகள் பன்னிரண்டு என்று வைத்தால் பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். ரெஸ்டிக்கின் ‘ஃபர்கெட்’ கட்டளைக்கும் போர்க்கின் ‘புரூன்’ கட்டளைக்கும் இந்த எண்களை நேரடியாகக் கொடுக்கலாம். பண்டில் சங்கிலியில், புதிய முழுப் பண்டிலை வேறொரு கணினியில் குளோன் செய்து, எஃப்எஸ்சிகே தேறியபின் மட்டுமே முந்தைய வாரத்துச் சங்கிலியை அழிக்க வேண்டும். அதுவும் முழுப் பண்டிலோடு சேர்த்து, ஒரே தடவையில். முழுப் பண்டிலை அழித்துவிட்டு அதன் படிகளை மட்டும் வைத்திருப்பதால் பயனில்லை. வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் முடிந்து மூடப்பட்ட களஞ்சியங்களுக்கு, கடைசி முழுப் பண்டில் ஒன்றை எடுத்து, கிளைப் பட்டியலும் எல்எஃப்எஸ் கோப்புகளும் சேர்த்து இரண்டு டிஸ்க்குகளில் எழுதி, திகதியை வெளியே ஒட்டிவிட்டு, இரவுக் காப்பிலிருந்து விலக்கிவிடலாம்.